வென்ட்வொர்த்வில் ஏரியா சேஃபா? சிட்னியில் வீடு தேடும் முன் குற்றக் கணக்கை இப்படிப் படிங்க!

அட்மிஷன் லெட்டர் வந்தாச்சு, விசா வந்தாச்சு, ஃப்ளைட் டிக்கெட்டும் போட்டாச்சு. அடுத்த கேள்வி, 'எங்கே தங்குறது?' சிட்னி போகிற தமிழ்ப் பிள்ளைகளின் வாட்ஸ்அப் குரூப்பில் இந்தக் கேள்வியைப் போட்டுப் பாருங்கள். பத்து நிமிடத்தில் பதில்கள் வரிசை கட்டும். "வென்ட்வொர்த்வில் பக்கம் பாருடா, நம்ம ஆளுங்க நிறைய" என்பார் ஒருவர். "வெஸ்டா? நைட்டு வெளியே தலைகாட்ட முடியாது" என்பார் இன்னொருவர். மூன்றாவது ஆள் ஏதோ ஒரு இணையதளத்தின் ஸ்க்ரீன்ஷாட்டைப் போடுவார். ஏரியா பெயருக்குப் பக்கத்தில் சிவப்புக் கலரில் ஒரு மதிப்பெண். அது அம்மா கைக்குப் போய்விட்டால், அன்றிரவு வீட்டில் யாருக்கும் தூக்கம் இருக்காது.

மூன்று பேரும் பொய் சொல்லவில்லை. ஆனால், மூன்று பேரில் யாருமே உங்களைப் பற்றிப் பேசவில்லை. நீங்கள் எத்தனை மணிக்கு வேலை முடிந்து வருவீர்கள், ஸ்டேஷனிலிருந்து எவ்வளவு தூரம் நடப்பீர்கள், வாடகை யாரிடம் கொடுப்பீர்கள் என்பதெல்லாம் அந்த மதிப்பெண்ணில் கிடையாது. ஒரு ஏரியாவின் குற்றக் கணக்கு பயனுள்ள விஷயம்தான். அதைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவே. வென்ட்வொர்த்வில்லையே உதாரணமாக வைத்துக்கொண்டு பார்க்கலாம், வாங்க.

வென்டி எங்கே இருக்கு?

சிட்னி நகர மையத்திலிருந்து மேற்கே சுமார் 27 கிலோமீட்டர். உள்ளூர்க்காரர்கள் சுருக்கமாக 'வென்டி' என்பார்கள். ரயிலில் பாரமட்டாவைத் தாண்டினால் வெஸ்ட்மீட், அடுத்தது வென்ட்வொர்த்வில், அதற்கப்புறம் பெண்டில் ஹில், டூங்காபி. இந்த ரயில் பாதையை ஒட்டித்தான் சிட்னித் தமிழர்கள் நிறையப் பேர் வாழ்கிறார்கள். ஈழத்திலிருந்து வந்தவர்களும் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களும் கலந்து வாழும் பகுதி. சிட்னி முருகன் கோயில் பக்கத்திலேயே, மேஸ் ஹில்லில் இருக்கிறது. 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஆஸ்திரேலியாவில் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள் 95,000-க்கும் மேல்.

இப்போது ஒரு சின்னச் சிக்கல். வென்ட்வொர்த்வில் ஒரே ஏரியாதான். ஆனால் அதன் ஒரு பகுதி கம்பர்லேண்ட் கவுன்சிலில் இருக்கிறது, இன்னொரு பகுதி பாரமட்டா கவுன்சிலில் இருக்கிறது. போஸ்ட்கோடு 2145. அதே 2145-தான் வெஸ்ட்மீட், பெண்டில் ஹில், கிராவீன், கிரேஸ்டேன்ஸ், மேஸ் ஹில்லுக்கும். ஆக, 'வென்டியின் குற்ற விகிதம்' என்று யாராவது ஒரு எண்ணை நீட்டினால், முதலில் கேட்க வேண்டிய கேள்வி: இது வென்ட்வொர்த்வில் என்கிற ஏரியாவுக்கா, 2145 முழுவதற்குமா, கவுன்சில் முழுவதற்குமா?

கம்பர்லேண்ட் கவுன்சில் ஆபர்ன், லிட்கம்ப், மெரிலேண்ட்ஸ், கிரான்வில் எல்லாவற்றையும் சேர்த்தது. பாரமட்டா கவுன்சிலில் பாரமட்டாவின் நகர மையம், எப்பிங், ஒலிம்பிக் விளையாட்டுகள் நடந்த ஒலிம்பிக் பார்க் எல்லாம் வரும். அந்தச் சராசரியைப் பார்த்து உங்கள் தெருவை எடைபோடுவது, சென்னை மாநகரத்துக் கணக்கைப் பார்த்து நங்கநல்லூரில் ஒரு சந்தை எடைபோடுவது மாதிரி.

இந்த நம்பர் எங்கிருந்து வருது?

சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் இதற்கென்றே ஓர் அரசு அமைப்பு இருக்கிறது. குற்றப் புள்ளிவிவர ஆய்வு மையம். 'பொக்சார்' என்று சுருக்கமாகச் சொல்வார்கள். 1969-ல் தொடங்கப்பட்டது. போலீஸ் பதிவுசெய்த சம்பவங்களை வகைவாரியாகப் பிரித்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளியிடுகிறது. அதன் இணையதளத்தில் கவுன்சில், போஸ்ட்கோடு, சபர்ப் என்று எந்த அளவிலும் தேடலாம். வரைபடமும் உண்டு. எல்லாம் இலவசம். விக்டோரியா மாநிலத்துக்கு, அதாவது மெல்பர்ன் போகிறவர்களுக்கு, இதே மாதிரி தனி அமைப்பு இருக்கிறது.

நீங்கள் பார்த்த சிவப்பு மதிப்பெண் பெரும்பாலும் இங்கிருந்து வந்ததாக இருக்காது. பல தளங்களின் 'சேஃப்டி ஸ்கோர்', அந்தத் தளத்துக்கு வருகிறவர்கள் 'எனக்குப் பயமா இருக்கு', 'பயமா இல்ல' என்று அமுக்கிய பட்டன்களின் கூட்டல். அது பயத்தின் அளவு. குற்றத்தின் அளவு வேறு.

அசல் கணக்கை எடுத்த பிறகும் கால் இடறக்கூடிய இடங்கள் ஐந்து இருக்கின்றன.

1. மொத்த எண்ணிக்கையா, விகிதமா?

'பிளாக்டவுனில்தான் அதிகத் திருட்டு' என்று ஒரு செய்தி வருகிறது என்று வையுங்கள். பிளாக்டவுன் கவுன்சிலில் 2021-ல் இருந்த மக்கள் சுமார் 3.96 லட்சம். மாநிலத்திலேயே மக்கள்தொகையில் பெரிய கவுன்சில் அதுதான். ஆள் அதிகம் இருக்கும் இடத்தில் சம்பவமும் அதிகமாகத்தான் இருக்கும். அதனால்தான் 'ஒரு லட்சம் பேருக்கு எத்தனை' என்று கணக்கிடுகிறார்கள். மொத்த எண்ணிக்கையை மட்டும் காட்டும் பட்டியலைப் பார்த்தால், அதை ஸ்க்ரோல் பண்ணிக் கடந்துவிடுங்கள்.

2. அங்கே வாழ்கிறவர்கள் எத்தனை, வந்து போகிறவர்கள் எத்தனை?

விகிதத்திலும் ஒரு பொறி உண்டு. குற்றம் எங்கே நடந்ததோ அந்த ஏரியாவின் கணக்கில்தான் ஏறும். ஆனால் வகுப்பது அங்கே குடியிருப்பவர்களின் எண்ணிக்கையால். பாரமட்டாவில் ஆஸ்திரேலியாவின் பெரிய மால்களில் ஒன்று இருக்கிறது. மேற்கு சிட்னி முழுவதிலிருந்தும் ஆட்கள் வந்து இறங்குகிறார்கள். அங்கே கடையில் ஒருவர் சட்டையைத் திருடினால், அது பாரமட்டாவில் தூங்கிக்கொண்டிருப்பவரின் தலையில்தான் எழுதப்படும். வெஸ்ட்மீட்டில் மாபெரும் மருத்துவமனை இருக்கிறது. இரவும் பகலும் ஆள் நடமாட்டம். சிட்னி நகர மையத்துக்கு இது இன்னும் அதிகமாகப் பொருந்தும். அங்கே விகிதத்தைப் பார்த்து மிரள்வதில் அர்த்தமே இல்லை.

வென்டி மாதிரி, பெரும்பாலும் வீடுகளும் ஒரு கடைத்தெருவும் உள்ள இடத்தை, மால் இருக்கும் பாரமட்டாவோடு ஒப்பிட்டு 'இது சேஃப், அது டேஞ்சர்' என்று சொன்னால், நீங்கள் ஒப்பிடுவது மாலையும் வீட்டையும்தான்.

3. சின்ன எண்கள் பெரிய சதவிகிதம் காட்டும்

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 4,000 பேர் வாழும் ஒரு ஏரியாவில் போன வருடம் 8 கார்களில் பொருள் திருடு போனது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு லட்சம் பேருக்கு 200. இந்த வருடம் ஒரே இரவில், ஒரே கும்பல், ஒரே தெருவில் பூட்டாத 4 கார்களைத் திறந்து கைவரிசையைக் காட்டிவிட்டது. மற்றபடி போன வருடம் போலவே. இப்போது 12. விகிதம் 300. 'கார் திருட்டு 50% எகிறியது!' என்று தலைப்பு தயார். நடந்தது ஒரு ராத்திரி வேலை.

பொக்சாரே இதில் உஷாராக இருக்கிறது. 12 மாதத்தில் 20 சம்பவத்துக்கும் குறைவாக இருந்தால், ஏறுகிறதா இறங்குகிறதா என்று அது கணிப்பதே இல்லை. நாமும் அதையே செய்யலாம். ஒரு வருடத்தைப் பார்க்காமல் ஐந்து வருடப் போக்கைப் பாருங்கள்.

4. எல்லாக் குற்றமும் ஒரே குற்றமா?

மொத்தக் குற்ற எண் என்பது சாம்பார், ரசம், பாயசம் மூன்றையும் ஒரே வாளியில் ஊற்றின மாதிரி. அதில் சுவரில் கிறுக்கியதும் இருக்கும், வீடு புகுந்து திருடியதும் இருக்கும், ஆளைத் தாக்கியதும் இருக்கும். உங்களுக்குத் தேவையானது மூன்று நான்கு வகைதான். வழிப்பறி, குடும்பத்துக்கு வெளியே நடக்கும் தாக்குதல், பாலியல் குற்றம், வீடு புகுந்து திருட்டு. கார் இருந்தால் கார் திருட்டு. இவற்றைத் தனித்தனியாகப் பிரித்துப் பாருங்கள்.

'தாக்குதல்' என்ற வகையைப் பார்க்கும்போது கூடுதல் கவனம் வேண்டும். நியூ சவுத் வேல்ஸில் போலீஸ் பதிவுசெய்யும் தாக்குதல்களில் ஏறக்குறைய பாதி, குடும்ப வன்முறை. தெருவில் முகம் தெரியாத ஆள் அடிப்பது போல நம் மனசு படம் ஓட்டும். ஆனால் அந்த எண்ணில் பாதி, பூட்டிய கதவுக்கு உள்ளே, தெரிந்த ஆளால் நடப்பது.

5. போலீஸ் பார்த்தால்தான் எண்ணிக்கை

சில குற்றங்கள் யாராவது புகார் கொடுத்தால் பதிவாகும். சில குற்றங்கள் போலீஸ் தேடிப் போனால்தான் பதிவாகும். போதைப்பொருள் வைத்திருப்பது அப்படி ஒன்று. ஒரு ஸ்டேஷன் வாசலில் மோப்ப நாயோடு போலீஸ் நின்றால், அந்த மாதம் அந்த ஏரியாவின் எண்ணிக்கை ஏறும். அங்கே போதை கூடியது என்று அர்த்தமில்லை, சோதனை கூடியது. குடும்ப வன்முறைப் புகார்கள் ஏறினால், பேச முடியாதவர்கள் பேச ஆரம்பித்திருக்கிறார்கள் என்றும் அர்த்தம் இருக்கலாம்.

பெயர் கெட்டால் இருபது வருஷம்

"அந்த ஏரியாவா, ஐயோ!" என்று சொல்கிற அண்ணன் எந்த வருடத்தைப் பற்றிப் பேசுகிறார் என்று கேளுங்கள். சிட்னியின் தென்மேற்கில் கப்ரமட்டா என்று ஓர் இடம். 1990-களில் ஆஸ்திரேலியாவின் ஹெராயின் தலைநகரம் என்றே பத்திரிகைகள் எழுதின. 1994-ல் அந்தத் தொகுதியின் மாநில எம்.எல்.ஏ ஜான் நியூமன் தன் வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2001-ல் அந்த ஊரின் போலீஸ் செயல்பாடு குறித்து மாநில நாடாளுமன்றமே விசாரணை நடத்தியது. அதே கால கட்டத்தில் ஹெராயின் வரத்து திடீரென்று வற்றியது. இன்று கப்ரமட்டாவுக்கு ரயிலேறிப் போகிறவர்கள் பெரும்பாலும் வியட்நாமிய நூடுல்ஸ் சூப் குடிக்கத்தான் போகிறார்கள். ஆனால் பழைய பெயரை இன்னும் சொல்லிக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள்.

மாநிலம் முழுக்கவே வழிப்பறியும் வீடு புகுந்து திருட்டும் 2001-ல் இருந்ததைவிட இப்போது வெகுவாகக் குறைந்திருக்கின்றன. நாடு முழுவதும் கொலை விகிதம் 1990-களின் தொடக்கத்தோடு ஒப்பிட்டால் சுமார் பாதி. ஆனால் நம் கைபேசியில் குற்றச் செய்தி வரும் வேகம் குறையவில்லை, கூடியிருக்கிறது. ஒரு சி.சி.டி.வி காட்சி பத்து குரூப்பில் வந்தால், பத்து சம்பவம் நடந்த மாதிரி மனசு பதிவுசெய்துகொள்கிறது.

ஹாரிஸ் பார்க் சொல்லும் பாடம்

பாரமட்டாவை ஒட்டிய ஹாரிஸ் பார்க், சிட்னியின் 'லிட்டில் இந்தியா'. 2009 ஜூனில், தாக்குதல்களைக் கண்டித்து இந்திய மாணவர்கள் நூற்றுக்கணக்கில் அங்கே தெருவில் இறங்கினார்கள். அதற்குச் சில நாள் முன்பு, மே 31 அன்று, மெல்பர்னில் ஆயிரக்கணக்கானோர் பேரணி போயிருந்தார்கள். இந்தியா முழுக்கத் தலைப்புச் செய்தி. ஊரில் இருந்த பெற்றோர் ஆடிப்போனார்கள்.

பிறகு ஆஸ்திரேலியக் குற்றவியல் ஆய்வு நிறுவனம் ஒரு வேலை செய்தது. 2005 முதல் 2009 வரை அங்கே படித்த, ஐந்து நாடுகளைச் சேர்ந்த 4 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களின் விசா பதிவுகளையும் போலீஸ் பதிவுகளையும் ஒப்பிட்டுப் பார்த்து, 2011-ல் அறிக்கை வெளியிட்டது. அதில் தெரிந்தது இரண்டு விஷயங்கள். சாதாரணத் தாக்குதல் விஷயத்தில், இந்திய மாணவர்கள் பாதிக்கப்பட்ட விகிதம் ஆஸ்திரேலியர்களின் பொதுவான விகிதத்துக்குச் சமமாகவோ குறைவாகவோதான் இருந்தது. ஆனால் கொள்ளையில் நிலைமை வேறு. பெரிய மாநிலங்களில், பெரும்பாலான ஆண்டுகளில், இந்திய மாணவர்கள் அதிகமாகப் பறிகொடுத்திருந்தார்கள்.

ஏன்? நிறையச் சம்பவங்கள் நடந்த இடம் பெட்ரோல் பங்க், இரவுக் கடை போன்ற வேலை செய்யும் இடங்கள். படிக்கும்போதே இரவு ஷிஃப்ட்டில் கல்லாவில் உட்கார்ந்தவர்கள், டாக்ஸி ஓட்டியவர்கள், நள்ளிரவில் பொதுப் போக்குவரத்தில் திரும்பியவர்கள். இனவெறி எந்த அளவுக்குக் காரணம் என்பதை அந்தப் பதிவுகளை வைத்து முடிவாகச் சொல்ல முடியவில்லை. போலீஸ் பதிவேட்டில் நோக்கம் எழுதப்பட்டிருக்கவில்லை. அதற்காக இனவெறியே இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. 2025 ஆகஸ்ட் 31 அன்று ஆஸ்திரேலிய நகரங்களில் நடந்த குடியேற்ற எதிர்ப்புப் பேரணிகளுக்கான பிரசாரத்தில் இந்தியர்களைக் குறிப்பிட்டே எழுதியிருந்தார்கள்.

இதில் நமக்கான பாடம் தெளிவு. ஒரே ஏரியாவில், ஒரே தெருவில் இருக்கும் இரண்டு பேருக்கு ஆபத்து ஒன்றல்ல. மாலை ஆறு மணிக்கு வீடு திரும்புகிறவருக்கு ஒரு கணக்கு, இரவு ஒரு மணிக்குக் கடையை மூடிவிட்டு வருகிறவருக்கு வேறு கணக்கு.

இப்படி யோசித்துப் பாருங்கள். 'சேஃப் ஏரியா' என்று பெயரெடுத்த இடத்தில் தூரமாக ஒரு வீடு எடுக்கிறீர்கள். ரயில் கிடையாது. இரவில் பஸ்ஸுக்கு அரை மணி நேரம் தனியாக நிற்க வேண்டும், இறங்கி இருபது நிமிடம் இருட்டில் நடக்க வேண்டும். ஏரியாவின் எண் நன்றாக இருக்கிறது. உங்கள் ராத்திரி நன்றாக இல்லை. அதைவிட ஸ்டேஷனிலிருந்து ஐந்து நிமிட நடையில், கடை வெளிச்சத்தில் இருக்கும் ஒரு சாதாரண வீடு மேல்.

வரைபடத்தில் தெரியாத ஆபத்துகள்

புதிதாகப் போகும் மாணவர் பணத்தை இழப்பது பெரும்பாலும் இருட்டுத் தெருவில் அல்ல, வெளிச்சமான ஸ்க்ரீனில். இவை எந்த ஏரியாவின் வரைபடத்திலும் சிவப்பாகத் தெரியாது.

வாடகை மோசடி: போட்டோவில் அழகான ரூம், நம்ப முடியாத வாடகை. "நான் வெளிநாட்டில் இருக்கேன், பணம் போடுங்க, சாவி கூரியரில் வரும்." வராது. நேரில் நீங்களோ நம்பகமான ஒருவரோ வீட்டைப் பார்க்கும்வரை ஒரு டாலர்கூட அனுப்பாதீர்கள். நியூ சவுத் வேல்ஸில் வாடகை ஒப்பந்தம் போட்டால், 'பாண்ட்' எனப்படும் அட்வான்ஸ் நான்கு வார வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. அந்தப் பணமும் வீட்டுக்காரர் பாக்கெட்டில் இருக்கக் கூடாது, அரசிடம் செலுத்தப்பட வேண்டும். ரசீது கேளுங்கள்.

மிரட்டல் கால்: "வரித் துறையிலிருந்து பேசறோம், கைது வாரன்ட் இருக்கு, கிஃப்ட் கார்டு வாங்கி நம்பரைச் சொல்லு." எந்த அரசுத் துறையும் கிஃப்ட் கார்டில் காசு வாங்காது. போனை வையுங்கள்.

சம்பளத் திருட்டு: குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கையில் காசாகக் கொடுத்துவிட்டு, "வெளியே சொன்னா விசா போயிடும்" என்று மிரட்டுவது. 2025 ஜனவரி 1 முதல், வேண்டுமென்றே சம்பளத்தைக் குறைத்துக் கொடுப்பது ஆஸ்திரேலியாவில் கிரிமினல் குற்றம். மாணவர் விசாவில் படிப்பு நடக்கும் காலத்தில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம் வரை வேலை செய்யலாம். அந்த வரம்பைக் காட்டித்தான் முதலாளி பயமுறுத்துவார். ஃபேர் வொர்க் ஓம்புட்ஸ்மன் எண்: 13 13 94.

வீட்டுக்குள் வன்முறை: கல்யாணமாகிப் போகும் பெண்களுக்கு இதை அழுத்திச் சொல்ல வேண்டும். போனைப் பிடுங்கிப் பார்ப்பது, காசைக் கையில் கொடுக்காமல் வைத்திருப்பது, யாரோடும் பேச விடாமல் அடைப்பது, 'விசாவை கேன்சல் பண்ணிடுவேன்' என்று மிரட்டுவது. துணையை இப்படித் தொடர்ந்து அடக்கி ஆள்வது நியூ சவுத் வேல்ஸில் 2024 ஜூலை 1 முதல் தனிக் குற்றம். விசாவை கேன்சல் செய்யும் அதிகாரம் கணவருக்குக் கிடையாது, அரசுக்குத்தான். உதவிக்கு 1800 737 732, இருபத்து நான்கு மணி நேரமும்.

வீடு பார்க்கும் முன் இதைச் செய்யுங்க

பொக்சார் வரைபடத்தில் சபர்ப் பெயரைப் போட்டு, மேலே சொன்ன நான்கு வகைகளை மட்டும் பாருங்கள். ஐந்து வருடப் போக்கு எப்படி என்று பாருங்கள். பக்கத்து சபர்ப் இரண்டோடும், மாநிலச் சராசரியோடும் ஒப்பிடுங்கள். இதற்கு இருபது நிமிடம் போதும்.

பிறகு நேரில் போங்கள். சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு எந்த ஏரியாவும் அழகாகத்தான் இருக்கும். நீங்கள் வழக்கமாக வீடு திரும்பப்போகும் நேரத்தில், கூட ஒரு ஆளைச் சேர்த்துக்கொண்டு, ஸ்டேஷனிலிருந்து அந்த வீடு வரை நடந்து பாருங்கள். தெருவிளக்கு எரிகிறதா? வழியில் திறந்திருக்கும் கடை உண்டா? சுரங்கப் பாதையோ ஆளில்லாத பூங்காவோ தாண்ட வேண்டுமா?

ரயில் நேரத்தைப் பாருங்கள். சிட்னியில் நள்ளிரவுக்கு மேல் பல பாதைகளில் ரயில் நின்று, நைட்ரைடு பஸ்கள்தான் ஓடும். பஸ் உங்களை எங்கே இறக்கிவிடும் என்பது முக்கியம். ஸ்டேஷன்களில் உதவிக்கு அழைக்கும் பட்டன் இருக்கும், எங்கே என்று முதல் நாளே பார்த்து வையுங்கள்.

வீட்டுக்குள் ஜன்னல் பூட்டு வேலை செய்கிறதா, வாசல் கதவில் பூட்டு உறுதியா என்று பாருங்கள். வீடு புகும் திருடன் பெரும்பாலும் பூட்டாத கதவைத்தான் தேடுகிறான்.

இன்னொரு விஷயம். ஊரிலிருந்து கிளம்பும்போது அப்பா ஒரு பெப்பர் ஸ்ப்ரேயை வாங்கி பேக்கில் போடுவார். அதை எடுத்துவிடுங்கள். நியூ சவுத் வேல்ஸில் அது தடைசெய்யப்பட்ட ஆயுதம். தற்காப்புக்கென்று கத்தி வைத்துக்கொண்டு வெளியே நடப்பதும் குற்றம். பாதுகாப்புக்கு எடுத்துப்போனது உங்கள் மேலேயே கேஸாக வந்து நிற்கும்.

போனில் முதல் நாளே சேமிக்க வேண்டியவை

உயிருக்கு ஆபத்து, குற்றம் இப்போது நடக்கிறது என்றால்: 000. போலீஸ், ஆம்புலன்ஸ், தீயணைப்பு மூன்றுக்கும் இதுதான்.

அவசரமில்லாத புகார், சைக்கிள் காணோம், கார் கண்ணாடி உடைஞ்சிருக்கு: 131 444.

பெயர் சொல்லாமல் தகவல் கொடுக்க: 1800 333 000.

இங்கிலீஷில் பதற்றத்தோடு பேச வரவில்லையா? அரசின் மொழிபெயர்ப்புச் சேவை 131 450. தமிழ் வேண்டும் என்று கேளுங்கள். 000-க்கு அழைத்தால், "போலீஸ்", "தமிழ்" என்ற இரண்டு வார்த்தை சொன்னாலும் போதும், லைனை வைத்துவிடாதீர்கள்.

'எமர்ஜென்சி ப்ளஸ்' என்ற அரசு ஆப்பை இறக்கி வையுங்கள். நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பதை அது ஸ்க்ரீனில் காட்டும். புது ஊரில் தெருப் பெயர் வாயில் நுழையாத நேரத்தில் அது கைகொடுக்கும்.

புகார் கொடுத்தா விசா போயிடுமா?

கடைசியாக, எல்லாவற்றையும்விட முக்கியமான விஷயம். நம் பிள்ளைகளில் நிறையப் பேர் போனைப் பறிகொடுத்தாலும், யாராவது தள்ளிவிட்டுத் திட்டினாலும், போலீஸுக்குப் போவதில்லை. "எதுக்கு வம்பு", "வீட்டுக்குத் தெரிஞ்சா திரும்பி வான்னு சொல்லுவாங்க", "விசாவுக்குப் பிரச்னை ஆயிடும்." இந்த மூன்று பயங்களும்தான் காரணம்.

குற்றத்தால் பாதிக்கப்பட்டு புகார் கொடுப்பது விசா விதிமீறல் இல்லை. நீங்கள் மாணவராக இருந்தாலும், வேலை விசாவில் இருந்தாலும் சரி. வன்முறைக் குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கு நியூ சவுத் வேல்ஸில் இலவச மனநல ஆலோசனையும் உண்டு. கல்லூரியில் வெளிநாட்டு மாணவர்களுக்கான அலுவலகத்தில் சொன்னால், கூட வந்து புகார் எழுத உதவுவார்கள். இனத்தையோ நிறத்தையோ சொல்லித் திட்டியிருந்தால், அந்த வார்த்தைகளையும் புகாரில் மறக்காமல் சேர்க்கச் சொல்லுங்கள். 2009-ல் பதிவேட்டில் இல்லாமல்போனது அதுதான்.

இதில் உங்களைத் தாண்டிய ஒரு விஷயமும் இருக்கிறது. நாம் இவ்வளவு நேரம் பேசிய அந்த வரைபடம், புகார்களால் வரைந்தது. நீங்கள் சொல்லாத திருட்டு அதில் கிடையாது. வென்டியில் பத்துத் தமிழ்ப் பிள்ளைகள் ஸ்டேஷன் பக்கத்தில் போனைப் பறிகொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டால், அந்த இடம் வரைபடத்தில் வெள்ளையாக இருக்கும். கேமராவும் வராது, கூடுதல் விளக்கும் வராது, ரோந்தும் வராது. அடுத்த வருடம் உங்கள் ஊரிலிருந்து ஒரு தங்கச்சி அதைப் பார்த்து, 'ஏரியா சேஃபாதான் இருக்கு' என்று அங்கேயே வீடு எடுப்பாள்.

131 444. ஒரு கால், பத்து நிமிடம். அவளுக்காகவாவது பண்ணுங்க.